மாவு வண்டிக்கு ஓர் இன்ஜின்

மாவுக்கு வண்டி நின்றுபோன விஷயம் தெரியாது. அது பாட்டுக்குப் பொங்கியது. மே மாதத்து டெல்லியில் சாயங்காலம் ஆட்டிக் கரைத்து வைத்தால், விடியும் முன்பே தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். ஏழு மணிக்குள் கொண்டு போய்ச் சேர்த்தால் அது இட்லி மாவு. ஒன்பது ஆனால் தோசை மாவு. பதினொன்று ஆகிவிட்டால் வாங்கின வீட்டிலிருந்து போன் வரும், என்ன மங்களம், வாயில் வைக்க முடியவில்லையே என்று.

கோட்லா முபாரக்பூர் சந்து ஒன்றில், தரைத்தளத்தில் ஒன்றரை அறை மங்களத்தின் குடித்தனம். ஒரு அறையில் மூன்று பேர் படுப்பார்கள். அரை அறையில் இரண்டு கிரைண்டர் ஓடும். சின்னசேலத்துப் பக்கமிருந்து புருஷன் மதியழகனோடு ரயிலேறி வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. முதலில் கட்டட வேலை பார்த்தாள். பிறகு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அதில் ஒரு வீட்டம்மாள் கேட்டாள் என்று ஒரு நாள் ஒரு படி மாவு ஆட்டிக் கொடுத்தாள். அந்த ஒரு படி இன்றைக்கு கிட்வாய் நகர், லட்சுமிபாய் நகர், கோல் மார்க்கெட் என்று அறுபத்தெட்டு வீடாகப் பெருகியிருக்கிறது. எல்லாம் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ். காலையில் ஆபீஸ் போகிறவர்கள், மாவு வராவிட்டால் ரொட்டியைக் கடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு நாள் ரொட்டி கடித்தவன் மூன்றாம் நாள் பாக்கெட் மாவுக்குப் பழகிவிடுவான் என்பது மங்களத்துக்குத் தெரியும்.

ஆட்டுவது அவள். ஓட்டுவது அவன். வண்டி ஒரு பழைய ஆம்னி. பெட்ரோல் வண்டிக்கு டெல்லியில் பதினைந்து வருஷம்தான் ஆயுசு. இதற்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. அதில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். மதியழகன் மீட்டர் முள்ளைப் பார்த்து ஓட்டுகிறவன் அல்ல. இன்ஜினுக்கு உடம்பு சுட்டால் தன் தொடைக்குத் தெரியும் என்பான். வண்டி வாங்கிய முதல் நாளே சட்டம் போட்டுவிட்டான்: "மாவு ஒன்னுது, வண்டி என்னுது. ஒன் உப்புல நான் கைய வெக்கல, என் வண்டில நீ கைய வெக்காத." எட்டு வருஷமாக அந்தச் சட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அதாவது, இந்த மாதம் வரைக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, சப்தர்ஜங் மேம்பாலத்தின் ஏற்றத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. மதியழகன் ஓரம் கட்டுவதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். சாவியைத் திருகினான். ஒன்றும் அசையவில்லை. மறுபடி திருகினான். பின்னால் ஹாரன்களின் கூச்சல். காலையிலேயே சுட்டெரிக்கும் வெயிலில் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என் தொடைக்குத் தெரியலியே மங்களம்," என்றான் பக்கத்து சீட்டில் இருந்தவளிடம். "சூடு தெரியவே இல்லியே."

அந்த வண்டியைக் கொன்றது தான்தான் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின திங்கட்கிழமை கோல் மார்க்கெட்டில் மாவு இறக்கிக்கொண்டிருந்தபோது வண்டிக்கு முன்னால் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். ரேடியேட்டர் ஒழுகுகிறது என்றான் மதியழகன். துணியைப் போட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான். மங்களம் தனியாக நின்றாள். அவளுடைய அப்பா ஆத்தூரில் லாரி ஓட்டியவர். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போடுவார். மஞ்சள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறாள். எவ்வளவு போடுவார் என்று மட்டும் பார்த்ததில்லை. மாவோடு சேர்த்து விற்பதற்காக வண்டியில் சாம்பார் பொடியும் மஞ்சள் பொடியும் இருந்தன. கடைப் பொடி அல்ல. ஊரிலிருந்து வந்த கிழங்கை அவளே இடித்துச் சலித்தது. அவள் உப்பானாலும் உளுந்தானாலும் கையால் அளக்கிறவள். இரண்டு பிடி போட்டாள். மதியழகன் வந்து, தண்ணீரை ஊற்றி, அவசரமாக மூடினான். நல்ல வேளை, பார்க்கவில்லை என்று அவள் மூச்சு விட்டாள்.

சாயங்காலமே ஒழுகல் நின்றுவிட்டது. மங்களத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. சொல்லவும் முடியாது, சட்டம் இருக்கிறதே. நாலு நாள் அந்தப் பெருமையைத் தனக்குள்ளேயே வைத்து ருசித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் மேம்பாலத்தில் புகை வந்தது.

சனிக்கிழமை மெக்கானிக் துலாராம் இன்ஜினைப் பிரித்தான். சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் தகரம் போட்ட பட்டறை. புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆளுக்கொரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். துலாராம் பேசியது இந்தி. இங்கே தமிழில் சொல்வதானால் இப்படி இருக்கும்.

"மதி பாய், இங்க வா. தண்ணி ஓடுற வழியப் பாரு. பூராவும் சேறு. மஞ்சள் சேறு." ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கட்டியைக் கிண்டி எடுத்து மூக்கருகே கொண்டு போனான். "உங்க மதராசி சாம்பார் வாசனை வருதே. என்ன போட்டீங்க இதுல?"

மங்களம் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வாயைத் திறக்க முடியவில்லை. ஆனால் மதியழகன் சட்டென்று சொன்னான்.

"ஒண்ணும் போடலியே பாய். கோட்லா தண்ணி அப்படி. போரிங் தண்ணி. துரு புடிச்சிருக்கும்."

"ஆமா பையா," என்றாள் மங்களமும், கொஞ்சம் அவசரமாக. "எங்க வூட்டுக் கொடமெல்லாம் இப்படித்தான் மஞ்ச மஞ்சளா கற புடிச்சுக் கெடக்குது."

துலாராம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுக் கட்டியைக் கால்வாயில் வீசினான்.

"என்னவோ போங்க. அடைச்சுக்கிச்சு. தண்ணி ஓடல, இன்ஜின் வெந்துபோச்சு. மேல் ஹெட்டு வளைஞ்சிருக்கு, பிளாக்குல கோடு கோடா கிழிஞ்சிருக்கு. ரீபோர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, லேத்துக்கு அனுப்பித் திரும்பி வர்றதுக்குப் பத்து நாள். செலவும் முப்பத்தஞ்சு ஆயிரத்துக்கு மேல போகும். நான் சொல்றதக் கேட்டா, மாயாபுரி போங்க. அடிபட்ட வண்டிலேர்ந்து கழட்டின நல்ல இன்ஜின் கிடைக்கும். இருபதுக்குள்ள முடிஞ்சிடும். பழச அவனே எடுத்துப்பான். நான் ரெண்டு நாள்ல மாட்டித் தரேன்."

"நீ வந்து பாத்து வாங்கித் தா பாய்," என்றான் மதியழகன்.

"நான் எதுக்கு? என் காதை விட உன் காது நல்ல காது. ஓடவிட்டுக் கேளு, பிடிச்சா தூக்கிட்டு வா."

மதியழகன் எண்ணெய் படிந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மங்களத்தின் தம்பி அருள்மணி நொய்டாவிலிருந்து வந்தான். அங்கே ஒரு பெரிய அபார்ட்மென்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வரும்போதே யோசனையும் கொண்டு வந்திருந்தான்.

"சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணங்கற மாதிரி இருக்குது மாமா. இன்னும் மூணு வருசத்துல கவர்மென்டே அந்த வண்டிய ரோட்டுல விடாது. அதுக்குப் போயி இன்ஜின் மாத்தறேங்கறீங்க. எடைக்குப் போட்டுட்டு எங்கூட வந்துருங்க. நம்ம சைட்டுல ஒரு ஆளு வேணும். நாற்காலில உக்காந்து வர்ற வண்டி நம்பர எழுதணும். அவ்ளோதான்."

"அப்ப மாவு?" என்றாள் மங்களம்.

"மாவ நீ கடைல போட்டுக் குடு. இல்ல, ஆட்டறத கொறச்சுக்க. ஒனக்கும் முட்டி வலி."

மங்களம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் அவன் மச்சினன் பேச்சுக்கு ஒரு எசப்பாட்டு வைத்திருப்பான். அன்றைக்கு இல்லை.

"செரி மாப்ள," என்றான். "சொல்லி வையி."

"ஏங்க!"

"என்னா ஏங்க? என் கையி போச்சு மங்களம். இருபத்தெட்டு வருசமா ஸ்டியரிங் புடிக்கிறேன். ஒரு இன்ஜின எரிச்சதில்ல. இந்தா, கண்ணு முன்னால வெந்துச்சு. குந்திகிட்டு இருந்தவனுக்கே தெரியல. இன்னிக்கி இன்ஜின், நாளைக்கி எவம்மேலயாவது ஏத்திட்டன்னா? இருக்கற மரியாதையோட எறங்கிக்கறேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. சோர்ந்துபோய், சட்டையை மடித்து வைக்கிற மாதிரி சொன்னான். அவளுக்கு வாய்க்குள் வந்துவிட்டது, நீ இல்லை, நான்தான் என்று. ஆனால் தம்பி உட்கார்ந்திருந்தான். தம்பி போன பிறகு மகள் வந்துவிட்டாள். மகள் படுத்த பிறகு அவன் தூங்கிவிட்டான். உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கு வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அந்த வாரம் அவள் பஸ்ஸில் மாவு கொண்டு போனாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் தூக்குக்கு இடம் இல்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் இரண்டு பெரிய தூக்கும் தோளில் ஒரு பையும். அறுபத்தெட்டு வீட்டில் இருபது வீட்டுக்குத்தான் கை தாங்கியது. மதியழகன் கூட வந்து ஒரு பக்கம் தூக்கிக்கொடுப்பான்; ஆனால் எங்கேயோ பார்த்துக்கொண்டு நடப்பான். புதன்கிழமை பஸ் ஐ.என்.ஏ. பக்கம் நெரிசலில் நின்றபோது தூக்கின் மூடி எழும்பி, மாவு வழிந்து ஒரு பெண்ணின் செருப்பில் விழுந்தது. "அரே பெஹன்ஜி, யே க்யா ஹை!" என்று அவள் கத்தினாள். மங்களம் தன் முந்தானையால் அந்தச் செருப்பைத் துடைத்தாள். பஸ்ஸே பார்த்தது. மதியழகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

கிட்வாய் நகரில் பத்தாவது மாடியில் காமாக்ஷி மாமி. தூக்கைக் கீழே வைத்ததும் பானைத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"ஏண்டி மங்களம், இப்படி மூச்சு வாங்கறது உனக்கு. வண்டி இன்னும் ரிப்பேரா?"

"ஆமாங்க மாமி. இன்ஜின் போச்சு."

"நானும் சொல்லாம இருக்கப்படாதுன்னு சொல்றேன். ரெண்டு நாள் நீ வரலையோன்னோ, என் மாட்டுப்பொண்ணு போன்ல அமுக்கினா, பத்து நிமிஷத்துல பாக்கெட் மாவு வந்து நிக்கறது. நன்னாவே இல்லை, சொரசொரன்னு. ஆனா வந்து நிக்கறதே. கீழ் வீட்லயும் அதான். எனக்கு உன் மாவுதான் வேணும். ஆனா நான் மட்டும் சொன்னா ஆச்சா?"

"ரெண்டு மூணு நாளுல வண்டி வந்துரும் மாமி."

"ஜல்தி பாரு. இதுகளுக்கெல்லாம் பொறுமை கிடையாது."

இறங்கும்போது லிஃப்ட்டில் மங்களம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு முழுக்க வலித்தது. அதைவிட, ரெண்டு மூணு நாளில் வண்டி வந்துவிடும் என்று சொன்ன தன் வாய் வலித்தது. வண்டிக்காரன் மதியழகனோ கீழே தூக்கோடு நின்றுகொண்டு, செக்யூரிட்டி நாற்காலியில் இருந்தவனிடம் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

மகள் கவிப்ரியாதான் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைப் பிடித்து நிறுத்தினாள். இருபத்து மூன்று வயது, லாஜ்பத் நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பிறந்தது வளர்ந்தது டெல்லி. தமிழ் அவள் வாயில் வாடகைக்குக் குடியிருக்கிறது.

"அம்மா, சுனோ. நான் மாயாபுரில ஒரு அங்கிள்கிட்ட பாத் கர்லி, பேசிட்டேன். ஜஸ்பீர் அங்கிள். ஆம்னி இன்ஜின் மூணு இருக்கு சொல்றாங்க. ஏழு நாள் கேரன்ட்டி, பக்கா பில். பில் இல்லாம வாங்கவே வாங்காதீங்க. ஆர்.சி. புக்ல இன்ஜின் நம்பர் மாத்தணும். இல்லேனா போலீஸ் பிடிச்சா சோரி கா இன்ஜின், திருட்டு இன்ஜின் சொல்லிடும்."

"நான் செக்கூரிட்டிக்குப் போறேம்மா," என்றான் மதியழகன்.

"அப்பா, டென்ஷன் மத் லோ. நீங்க செக்யூரிட்டி போனா அம்மா யார்கூட சண்ட போடும்? நாளைக்கு போய் பாரு, அவ்ளோதான். வாங்க வேணாம். பாத்துட்டு வாங்க."

பார்ப்பதற்குக் காசு ஆகாது என்பதால் ஒத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மாவை இறக்கிவிட்டு அப்படியே மாயாபுரிக்குப் போனார்கள். வண்டிகளின் பிணக்கிடங்கு அது. ஒரு சந்தில் கதவுகள் மட்டும் அடுக்கியிருக்கும், இன்னொரு சந்தில் சீட்டுகள், இன்னொன்றில் கியர் பாக்ஸ்கள். தரையெல்லாம் எண்ணெய். மேலே வெயில், கீழே கரி. ஜஸ்பீர் வெள்ளைத் தாடி வைத்த சர்தார். பேச்சில் கரார், கையில் கனிவு. வந்ததும் மோர் வாங்கிக் கொடுத்தார். மூன்று இன்ஜின்களும் இரும்புச் சட்டத்தில் வரிசையாக இருந்தன. மேலே ஆணியில் ஒரு பாட்டில் பெட்ரோல் தொங்கியது, அதிலிருந்து டியூப். பேட்டரி ஒயரைத் தொட்டார். முதல் இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. கழுவிப் பளபளவென்று வைத்திருந்தார்.

"கேளுங்க பாய் சாப். பின்னாலேர்ந்து லாரி இடிச்ச வண்டி. முன்னால ஒரு கீறல் இல்ல."

மங்களம் திரும்பிப் பார்த்தாள். மதியழகன் கிட்டே வரவில்லை. தள்ளி, டீக்கடை நிழலில் நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் போனாள்.

"வந்து கேளுங்க. ஓடுதுல்ல."

"நீயே கேளு."

"எனக்கு என்னா தெரியும்? எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் இருக்குது."

"எனக்கும் அப்படித்தான் இப்ப." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "மங்களம், நான் கேட்டு, நல்லா இருக்குதுன்னு நீ சேத்து வெச்சத எல்லாம் குடுத்து வாங்கி, அதும் மேம்பாலத்துல நின்னுச்சுன்னா? வேணாம். போலாம் வா. நாளைக்கி அருள்மணிக்கிப் போன் பண்ணிடறேன்."

அவன் பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டான். நாளைக்குப் போன் போனால் திங்கட்கிழமை நொய்டா. அறுபத்தெட்டு வீடும் போச்சு. அதுகூடப் பரவாயில்லை. இந்த மனுஷன் மிச்சக் காலமெல்லாம் யாரோ ஓட்டி வருகிற வண்டியின் நம்பரை எழுதிக்கொண்டு, தன்னால் ஒரு இன்ஜின் வெந்தது என்று நினைத்துக்கொண்டே சாவான். மங்களத்துக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள். நடுத் தெருவில்.

"ஏங்க, நில்லுங்க. ஒண்ணு சொல்லணும்."

"பஸ்ஸுல சொல்லு."

"இல்ல. இங்கியே சொல்லணும். வண்டி ஒங்களால போவல. நான்தான் கெடுத்தேன்."

அவன் நின்றான். அவள் கொட்டித் தீர்த்தாள். "கோல் மார்க்கெட்டுல நீங்க தண்ணிக்குப் போனப்ப, ரேடியேட்டர்ல மஞ்சத்தூளப் போட்டுட்டேன். எங்கப்பா லாரில போடுவாரு. ஒழுவலு நிக்கும்னு போட்டேன். துலாராமு கிண்டி எடுத்தான் பாருங்க, அது துரு இல்ல. நான் போட்ட மஞ்ச. ஒங்க கைக்கும் ஒண்ணும் ஆவல, காதுக்கும் ஒண்ணும் ஆவல. என்ன அடிக்கறதுன்னாலும் அடிங்க. செக்கூரிட்டிக்கு மட்டும் போவாதீங்க."

அழுகை வந்தது. இரும்பு வெட்டுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. மதியழகன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"எத்தினி பிடி?"

"ரெண்டு."

"திங்கக்கெழமயா?"

"ஆமா."

அவன் மெதுவாகக் கீழே கிடந்த ஒரு கியர் பாக்ஸின் மேல் உட்கார்ந்தான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு துண்டுக்குள்ளிருந்தே சொன்னான்.

"நான் ஞாயித்துக்கெழமயே போட்டுட்டனே, புள்ள."

"என்னாத்த?"

"மஞ்சளத்தான். நீ உளுந்து வாங்கப் போயிருந்த. ஒன் டப்பாலேர்ந்து எடுத்து மூணு பிடி போட்டேன். லாரில கிளீனரா இருந்தப்ப கத்துகிட்டது. அன்னிக்கே ஒழுவலு இருந்துச்சு, ஒனக்குத் தெரிஞ்சா பயந்துக்குவன்னு சொல்லல. மறுநாளு கோல் மார்க்கெட்டுல தண்ணி ஊத்தறேன், மஞ்சளா நொரச்சுகிட்டு வருது. நீ பாத்துருவியேன்னு அவசரமா மூடினேன்." துண்டை எடுத்தான். கண் சிவந்திருந்தது. "சாயங்காலம் நின்னுச்சுல்ல. நம்ம கைவேலதான்னு நாலு நாளா எனக்கு ஒரே குஷி."

அந்த நாலு நாளும் அவன் வண்டி ஓட்டும்போது விசிலடித்தது இப்போதுதான் மங்களத்துக்கு உறைத்தது. போரிங் தண்ணி, துரு என்று அவன் துலாராமிடம் முந்திக்கொண்டு சொன்னதும் உறைத்தது. ஒருத்தர் போட்டிருந்தால் ஒழுகல் அடைத்து வண்டி பிழைத்திருக்குமோ என்னவோ. ஐந்து பிடி மஞ்சளில் ஒரு தெருவுக்கே நலங்கு வைக்கலாம்.

"அப்ப ஒரு வாரமா கையி போச்சு, காலு போச்சுன்னீங்களே," என்றாள். கோபம் இப்போதுதான் வந்தது அவளுக்கு. "நான் சோறு எறங்காம கெடந்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"நீ சொன்னியா?"

பக்கத்தில் உட்கார இடம் இல்லாததால் அவன் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். புடவையில் எண்ணெய் ஒட்டியது. போகட்டும் என்று விட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வருகிற அளவுக்குத் தெம்பு இல்லை.

"பயந்துட்டேன்டி," என்றான் அவளைக் குனிந்து பார்த்து. "ஒரு எளவும் தெரியாம எரிச்சிட்டேன்னு இல்ல. தெரிஞ்சே கெடுத்துட்டேன், ஒங்கிட்ட சொல்ல மொகமில்ல. அதான் நொய்டாவுக்கு ஓடிறலாம்னு பாத்தேன்."

"நானுந்தான் கெடுத்தேன். நான் எங்க ஓடறது? ஆளுக்குப் பாதி."

"எனக்கு மூணு பிடி."

"செரி, ஒங்களுக்குக் கொஞ்சம் கூட."

ஜஸ்பீர் கடை வாசலில் வந்து நின்றார். "க்யா ஹுவா பாய் சாப்? சண்டையா? இன்ஜின் வேணுமா வேணாமா?"

மதியழகன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். நேராக முதல் இன்ஜினிடம் போய், "போடுங்க," என்றான். அது உறுமியது. தலையைச் சாய்த்துக் கேட்டான். ஆயில் மூடியைத் திறந்து துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். ஊதுகிறது என்று தலையாட்டினான். "இது வேணாம் சர்தார்ஜி. வெளியில கழுவி வெச்சிருக்கீங்க, உள்ள மூச்சு வாங்குது. அந்த மூணாவதப் போடுங்க."

மூன்றாவது இன்ஜினில் கை வைக்க இடமில்லாமல் அழுக்கு. விலையும் அதற்குத்தான் குறைவு. அது எழுந்து ஓடியபோது மதியழகன் கண்ணை மூடிக்கொண்டான். பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சத்தம் மாறுவதைக் கேட்டு, மறுபடி சொருகினான். கால் மணி நேரம் ஓடவிட்டான். ஜஸ்பீர் பெட்ரோல் தீருகிறது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அவரே ஊற்றினார்.

"மங்களம், இங்க வா. இதும்மேல கைய வையி."

"நானா?"

"வையி புள்ள."

அவள் தயங்கித் தயங்கி உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுவென்று, அடியில் ஒரே சீராக ஒரு அதிர்வு. கிரைண்டர் நன்றாக ஓடும்போது அவளுக்குத் தெரிகிற அதே அதிர்வு. உளுந்து பதமாக மசிகிற நேரத்தில் அது இப்படித்தான் இருக்கும்.

"திக்காம ஓடுதுங்க," என்றாள்.

"அவ்ளோதான். அதான் விசயம்." ஜஸ்பீரிடம் திரும்பினான். "இதுக்குப் பில் போடுங்க. நம்பரத் தெளிவா எழுதுங்க, எம் பொண்ணு பாக்கும். பழைய இன்ஜின் நாளைக்கு வந்துரும். அதுல கொஞ்சம் மஞ்சள் இருக்கும், அத வெச்சு எடைல கைய வெக்காதீங்க." அப்புறம் மங்களத்திடம் தமிழில் சொன்னான்: "இனிமே ரேடியேட்டர் மூடிய தொறக்கறதுன்னா ரெண்டு பேரும் இருக்கறப்பதான்."

"செரி."

ஒரு டெம்போ பிடித்து இன்ஜினைப் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். மதியழகன் அங்கே ஏறிக்கொண்டான். மங்களம் பின்னால், சாக்கை விரித்து இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியான வெயில் தகரத்தில் அடித்தது. கிட்வாய் நகரில் கீழ் வீட்டுக்காரி திரும்ப மாவு வாங்குவாளோ மாட்டாளோ. நாளைக்கும் நாளன்றைக்கும் பஸ்தான். சாயங்காலம் அரிசி ஊறப்போட வேண்டும், முட்டி வலிக்கு மருந்து தடவ வேண்டும். எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு வாரமாக வராத தூக்கமும் வந்தது. இன்ஜின் மேல் கையைப் போட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கண் சொருகும்போது முன்பக்கத்திலிருந்து மதியழகனின் குரல் கேட்டது. முன்பின் தெரியாத அந்த டெம்போக்காரனிடம் இந்தியில் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"அரே பையா, கியரை மாத்து! இன்ஜின் அழுவுதே, உன் காதுல விழல?"